ஒன்றும் தெரியாத பன்னிரண்டு பேர்

2012ஆம் ஆண்டு மார்ச் மாதம், மெல்பேர்னின் தென்கிழக்குப் பகுதியில் வாழும் அறுபத்தைந்து வயதைக் கடந்த எவரும் ஸ்மார்ட்போன் தெரியாமல் சாகக்கூடாது என்று மூத்தோர் தொடர்பாடல் மேம்பாட்டுச் சபை தீர்மானித்தது. தீர்மானத்தில் 'சாகக்கூடாது' என்ற சொல் இல்லை. 'பின்தங்கிவிடக்கூடாது' என்றுதான் இருந்தது. எங்கள் வயதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

அறிவித்தலை எங்கள் புறநகரான ரோவிலின் சமூக மண்டபத்துக் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தார்கள். பத்து வாரப் பயிற்சி. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. தேநீர் உண்டு. முடிவில் சான்றிதழ் உண்டு. தமிழ் மூத்தோருக்குத் தனி வகுப்பு, தமிழ் பேசும் பயிற்றுநர். நிபந்தனைகள் மூன்று: குறைந்தது பன்னிரண்டு பேர் சேரவேண்டும், சேருபவருக்கு ஸ்மார்ட்போன் தெரிந்திருக்கக்கூடாது, விண்ணப்பம் ஸ்மார்ட்போன் வழியாக மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படும்.

மூன்றாவதை வாசித்து ஒருவரும் சிரிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் ஏதோ ஒரு விண்ணப்பம் நிரப்பித்தான் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள். இதைவிட நுட்பமான நிபந்தனைகளையெல்லாம் பார்த்திருக்கிறோம்.

எங்கள் மூத்தோர் சங்கச் செயலாளர் ஈஸ்வரமூர்த்தி அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். வயது எழுபத்தொன்று. யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் பணிமனையில், பிரதம லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பத்தெட்டு வருடச் சேவையில் ஒரு பொய்க் கையெழுத்துக்கூட வைத்ததில்லை என்று, கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுவார். நாங்கள் அவரை மூர்த்தி அண்ணை என்போம். அவருக்குப் பதினொரு பேர் கிடைத்துவிட்டார்கள். பதினொராவது ஆள் நான். பெயர் பாஸ்கரன், நில அளவைத் திணைக்களத்தில் இருந்தவன். பன்னிரண்டாவது ஆளாக இரஞ்சிதத்தைச் சேர்க்கத்தான் அவரும் நானும் அவளுடைய வீட்டுக்குப் போனோம்.

இரஞ்சிதம் தபால் கந்தோரில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவள். கடைசிப் பதினொரு வருடம் தபாலதிபர். புருசன் போய்ச் சேர்ந்த பிறகு கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன யூனிட்டில் தனியே இருந்தாள். ஒரே மகன் சிறிதரன், ஊரின் மறுமுனையில், பொயின்ற் குக்கில் வீடு. கணினி வேலை. அங்கிருந்து இங்கே வர ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்தை அவன் வருடத்தில் நான்கு முறை செலவிட்டுக்கொண்டிருந்தான்: தகப்பனின் திதி, தாயின் பிறந்தநாள், தீபாவளி, பொங்கல். அந்த வருடப் பொங்கலுக்குத் தாய்க்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தான். இனி அடிக்கடி வரத் தேவையில்லை என்பதுதான் அதன் உள்நோக்கம்.

நடந்தது வேறு. முதல் ஞாயிற்றுக்கிழமை போன் சத்தம் போடவில்லை என்று அவன் வந்தான். இரண்டாம் ஞாயிறு படங்கள் எல்லாம் காணாமல் போய்விட்டன என்று வந்தான். மூன்றாம் ஞாயிறு திரை கறுப்பாகிவிட்டது. வந்தவன் சாப்பிட்டான். சாப்பிட்டவன் கதைத்தான். பெப்ரவரி முடிவதற்குள் இரஞ்சிதம் மகனை ஆறு தரம் பார்த்துவிட்டாள். அதற்கு முன் ஆறு தரம் பார்க்க ஒன்றரை வருடம் பிடித்திருக்கும்.

"எனக்கு உந்த வகுப்பு வேண்டாம் மூர்த்தி அண்ணை," என்றாள். "எனக்குத் தெரியாமல் இருக்கிறதே வசதி."

"அதுதான் தகுதி, தங்கச்சி," என்றார் மூர்த்தி அண்ணை. "தெரியாதவைக்குத்தான் வகுப்பு. நீங்கள் சேராட்டில் பன்னிரண்டு வராது. மண்டபத்தை யோகாக்காரருக்குக் குடுத்துப்போடுவினம்."

யோகாக்காரர் என்றதும் இரஞ்சிதம் இளகினாள். குசினி மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்து விண்ணப்பத்தைத் திறந்தோம்.

சபை தமிழாக்கமும் தந்திருந்தது. முதல் வரி, 'வீட்டுத் திறப்பை அழுத்தவும்.' எங்கள் ஊரில் திறப்பு என்றால் சாவி. மூர்த்தி அண்ணை சட்டைப்பையில் இருந்து தன் வீட்டுச் சாவியை எடுத்து, போன் திரையின் நடுவில் வைத்து, மரியாதையாக அழுத்தினார். கீறல் விழுந்தது. ஆங்கிலப் பக்கத்தில் 'ஹோம் கீ' என்று இருந்ததைப் பார்த்தபோதுதான் அது போனின் அடியில் உள்ள வட்டப் பொத்தான் என்று தெரிந்தது.

அடுத்து ஒரு கேள்வி: 'ஸ்மார்ட்போன் பயன்படுத்த உங்களுக்குத் தெரியுமா?'

இரஞ்சிதம் 'இல்லை' என்று அழுத்தினாள். 'நன்றி. தெரியாதவர்களால் இப்படிவத்தை நிரப்ப முடியாது' என்று சொல்லிப் பக்கம் மூடிக்கொண்டது.

மறுபடி திறந்து 'ஆம்' என்று அழுத்தினாள். 'நன்றி. தெரிந்தவர்களுக்கு இப்பயிற்சி உரியதன்று' என்று மூடிக்கொண்டது.

"இப்ப என்ன செய்யிறது?" என்றேன்.

மூர்த்தி அண்ணை கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனார். அடியில் சின்ன எழுத்தில் மூன்றாவது பொத்தான் ஒன்று இருந்தது. 'சொல்ல விரும்பவில்லை.'

"அதை அமத்துங்கோ," என்றார். குரலில் பழைய கச்சேரிக் கம்பீரம் வந்திருந்தது. அமத்தினாள். மிச்சம் இருந்த நாற்பத்தாறு கேள்விகளும் வாசல் திறந்து உள்ளே வாருங்கள் என்றன.

அடுத்த மூன்று நாள் நாங்கள் பட்ட பாடு சபைக்குத் தெரியாது. கடவுச்சீட்டைப் படம் பிடிக்கவேண்டும். அந்தப் படத்தைச் சுருக்கவேண்டும். சுருக்கியதை வேறு வடிவத்துக்கு மாற்றி ஏற்றவேண்டும். விரலால் கையெழுத்து வைக்கவேண்டும். கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்து, ஓர் இலக்கம், ஒரு குறியீடு இருக்கவேண்டும். கடந்த மூன்று கடவுச்சொற்களின் சாயல் இருக்கக்கூடாது. மனிதர்தான் என்று நிரூபிக்க, முறுக்குப் போலச் சுற்றிய எழுத்துகளை வாசித்துச் சொல்லவேண்டும். மூர்த்தி அண்ணை மனிதர் என்று ஐந்தாவது முயற்சியில்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் நாலாம் நாள் பன்னிரண்டு விண்ணப்பங்களும் போய்ச் சேர்ந்துவிட்டன. அனுமதிக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. அதை நாங்களே திறந்து, நாங்களே நாட்காட்டியில் பதிந்து, நாங்களே நினைவூட்டலும் வைத்துக்கொண்டோம்.

இப்படி ஸ்மார்ட்போன் எங்களுக்கு முற்றாகத் தெரிந்துவிட்ட நிலையில், அதைக் கற்றுக்கொள்ளப் போனோம்.

பயிற்றுநர் ப்ரீத்தி. கோயம்புத்தூர்ப் பிள்ளை. முப்பது வயது இருக்கும். வேலை அனுசரணை விசாவில் வந்து, இந்தத் திட்டத்தின் ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள். முதல் நாள் ஒவ்வொருவருடைய அறியாமையையும் அளக்கவேண்டும் என்றாள். அதற்கு ஒரு பலகைக் கணினியும் ஒரு கேள்விப் பட்டியலும் வைத்திருந்தாள். முதலில் மூர்த்தி அண்ணை எழுந்து போனார்.

"அங்கிள், போட்டோ எடுத்து அனுப்பத் தெரியுமா?"

"ஓம் பிள்ளை. கடவுச்சீட்டை எடுத்து அனுப்பினனான்தானே."

"இமெயில் பார்க்கத் தெரியுமா?"

"தெரியாட்டில் உங்கடை கடிதத்தைப் பாத்து இஞ்ச எப்பிடி வந்தனான்?"

"பாஸ்வேர்ட் மாத்த?"

"நாலு தரம் மாத்தினனான். இப்ப இருக்கிறதைச் சொல்லட்டோ?"

"வேணாம் அங்கிள்!"

பலகைக் கணினியில் சிவப்பு நிறத்தில் ஒரு வரி வந்தது: 'தகுதியற்றவர். காரணம்: அறிவு.' ஒரு மணித்தியாலத்தில் பன்னிரண்டு சிவப்பு வரிகள். ப்ரீத்தி பலகைக் கணினியைக் கவிழ்த்து வைத்தாள். வெளியே போய்த் தன் மேலாளரிடம் போனில் நீண்ட நேரம் பேசினாள். திரும்பி வரும்போது அவளுக்கு முன்னால் மேலாளரின் மின்னஞ்சல் வந்துவிட்டது. அதை அவள் எங்களுக்கு மொழிபெயர்த்து வாசித்தாள்.

'விண்ணப்பிக்கும் போக்கில் பெறப்பட்ட அறிவு, சபையால் புகட்டப்படாத காரணத்தால், அறிவாகக் கருதப்படமாட்டாது. எனினும் அது கோப்பில் பதிவாகிவிட்டதால், உரியவர்கள் அதனை எழுத்துமூலம் கைவிடல் வேண்டும்.'

கூடவே ஒரு படிவம் இருந்தது. தலைப்பு: அறியாமைப் பிரகடனம். 'ஸ்மார்ட்போன் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என, சுயநினைவுடனும் எவருடைய வற்புறுத்தலுமின்றியும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.' அதை ஸ்மார்ட்போனில் நிரப்பி, விரலால் ஒப்பமிட்டு, பதினைந்து நிமிடத்துக்குள் அனுப்பவேண்டும்.

மூர்த்தி அண்ணை கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "முப்பத்தெட்டு வருசம் நான் ஒரு பொய்க் கையெழுத்து வைக்கேல்லை. தெரிஞ்சதைத் தெரியாதெண்டு எழுத என்னாலை ஏலாது."

ப்ரீத்தியின் கண் கலங்கிவிட்டது. "அங்கிள், இந்த கிளாஸ் ஓடலைன்னா என் கான்ட்ராக்ட் முடிஞ்சிடும். அது முடிஞ்சா விசாவும் முடிஞ்ச மாதிரிதான்."

விசா என்ற சொல்லுக்கு எங்கள் கூட்டத்தில் தனி மரியாதை உண்டு. இரஞ்சிதம்தான் வாய் திறந்தாள்.

"மூர்த்தி அண்ணை, 'சபை கருதும் வகையில்' எண்டு ஒரு சொல்லை முன்னுக்குச் சேருங்கோ. சபை கருதும் வகையில் எனக்கு எதுவும் தெரியாது. பொய் சபையின்ரை தலையிலை போயிடும். நீங்கள் சுத்தம்."

மூர்த்தி அண்ணை அந்த வசனத்தை உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, பன்னிரண்டு பேரிலும் முதல் ஆளாக, மூன்று நிமிடத்தில் பிரகடனத்தை அனுப்பிவைத்தார்.

வகுப்பு ஆரம்பமானது. முதல் வாரம் போனைத் திறக்கக் கற்றோம். இரண்டாம் வாரம் மூடக் கற்றோம். மூன்றாம் வாரம் இரண்டையும் தொடர்ச்சியாகச் செய்து பார்த்தோம். எங்களுக்குத் தெரியும் என்பது ப்ரீத்திக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும். அவள் "இதுதான் தொடுதிரை" என்று சொல்ல, நாங்கள் "ஓகோ" என்போம். ஐந்தாம் வாரம் அவளுடைய போன் உறைந்துபோய் நின்றுவிட்டது. இரஞ்சிதம் அதை வாங்கி, இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமத்திப் பிடித்து, உயிர்ப்பித்துக் கொடுத்துவிட்டு, "எனக்கு உதுகள் ஒண்டும் தெரியாது பிள்ளை, கை தவறிப் பட்டிட்டுது," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சிக்கல். முன்பு போன் தானாகப் பழுதானது. இப்போது அது பழுதாக மறுத்தது. ஆகவே இரஞ்சிதம் பழுதாக்கத் தொடங்கினாள். ஒரு கிழமை வெளிச்சத்தை அடியோடு குறைத்து வைத்தாள். ஒரு கிழமை விமானத்தில் போவதற்கான பொத்தானைப் போட்டுவிட்டு, "ஒருத்தரும் எனக்குப் போன் அடிக்கினமில்லை," என்று சலித்துக்கொண்டாள். எந்த போனில் இருந்து அழைத்து இதை மகனுக்குச் சொன்னாள் என்றால், வீட்டுத் தொலைபேசியில் இருந்து. உச்சமாக ஒரு சனிக்கிழமை போனின் மொழியை ஃபின்லாந்துப் பாஷைக்கு மாற்றிவைத்தாள். ஆங்கிலத்துக்குத் திரும்பச் சிறிதரனுக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது.

"அம்மா, இதை எப்பிடி மாத்தினீங்கள்? ஏழு பக்கம் உள்ளுக்குப் போகவேணும்."

"எனக்கென்ன தெரியும் தம்பி. துடைச்சனான். துடைக்கேக்கை மாறியிருக்கும்."

"ஃபின்லாந்துக்கோ?"

"துணி ஈரமா இருந்தது. புட்டு இன்னும் கொஞ்சம் வைக்கட்டோ?"

இந்த நிலையில்தான் ஆறாம் வாரம் ப்ரீத்தி ஓர் அறிவித்தல் செய்தாள். பத்தாம் வாரம் பரீட்சை நடக்கும். சித்தியடைந்தவர்களுக்குச் சான்றிதழ். அந்தச் சான்றிதழின் பிரதி ஒன்று பிள்ளைகளுக்கும் நேரடியாக மின்னஞ்சலில் போகும். தாய் தகப்பன் இனித் தாங்களாகவே எல்லாம் செய்துகொள்வார்கள் என்ற நற்செய்தியோடு.

இரஞ்சிதத்தின் கையில் தேநீர்க் கரண்டி அப்படியே நின்றது.

வகுப்பு முடிந்ததும் அவள் போகவில்லை. "நான் பெயில் விடப்போறன்," என்றாள். "நீங்கள் ஆரும் தடுக்கக்கூடாது." காரணத்தையும் சொன்னாள். ஃபின்லாந்து உட்பட, ஒளிக்காமல் சொன்னாள்.

நாங்கள் அவளுக்குப் புத்தி சொல்வோம் என்று அவள் எதிர்பார்த்திருக்கவேண்டும். மூர்த்தி அண்ணை கொப்பியை மூடினார். "என்ரை மகள் பின்னேரத்திலை வேலை முடிஞ்சு போற வழியிலை இருபது நிமிசம் எனக்குப் பக்கத்திலை இருந்து மெயில் காட்டித் தாறவள். அவள் என்னோடை ஒரு வார்த்தை கதைக்கிறது அந்த இருபது நிமிசம்தான். பெயில் விடுறதெண்டால் நானும் விடுறன்."

எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. மின்னஞ்சலில் படம் இணைப்பது எப்படி என்பதை என் மகள் எனக்குப் பதினான்கு மாதமாகக் கற்றுத்தந்துகொண்டிருந்தாள். அதைக் கற்றுக்கொள்ளாமல் இருப்பதில் நான் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தேன்.

சுற்றிக் கேட்டால் பன்னிரண்டு பேரும் ஒரே நிலை. ஏகமனதாகப் பெயில் விடுவதென்று தீர்மானம் நிறைவேறியது. மூர்த்தி அண்ணை முன்மொழிந்தார், நான் வழிமொழிந்தேன்.

மேசை துடைத்துக்கொண்டிருந்த ப்ரீத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"எண்பது சதவீதம் பாஸ் ஆகணும் ஆன்ட்டி," என்றாள் மெதுவாக. "இல்லைன்னா ப்ராஜெக்டை மூடிடுவாங்க." துணியை நாலாக மடித்து வைத்தாள். "ஆனா நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்கம்மாவுக்கு நான்தான் எல்லாம் சொல்லிக் குடுத்தேன். நல்லாவே கத்துக்கிட்டாங்க. இப்ப தினமும் காலைல ஒரு பூப்படம் அனுப்புறாங்க. நான் ஒரு சிரிச்ச மூஞ்சி அனுப்பிடுறேன். அவ்வளவுதான். போன்ல பேசி ரெண்டு மாசம் ஆச்சு."

ஒரு பக்கம் அவளுடைய விசா. மறுபக்கம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள். இரஞ்சிதம் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அந்தச் சான்றிதழை ஒருக்கால் காட்டு," என்றாள்.

மாதிரிச் சான்றிதழைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். பெயர், திகதி, புள்ளி, முத்திரை. அடியில் ஒரு வெற்றுப் பெட்டி: 'பிற குறிப்புகள்.'

"இதுக்குள்ளை என்ன எழுதிறது?"

"யாரும் எதுவும் எழுதறதில்லை ஆன்ட்டி. ஐந்நூறு எழுத்து வரைக்கும் எழுதலாம்."

"முத்திரை இதுக்குக் கீழைதானே கிடக்கு?"

"ஆமா."

"அப்ப இதுக்குள்ளை எழுதினதும் சபை சொன்ன மாதிரித்தானே?"

ப்ரீத்தி முத்திரையை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். மூர்த்தி அண்ணை ஏற்கெனவே பேனா மூடியைக் கழற்றிவிட்டார். ஓய்வுபெற்ற பதினொரு வருடமாக அந்தக் கை இப்படி ஒரு வேலைக்குக் காத்திருந்தது. பத்து நிமிடத்தில் வாசித்துக் காட்டினார்:

'மேற்படி மாணவர் பெற்ற தேர்ச்சி, உரிய மேற்பார்வை இல்லாதவிடத்து இழக்கப்படக்கூடியது. ஆகவே குடும்பத்தவர் ஒருவர் வாரத்தில் ஒருமுறை, இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல், மாணவரின் இல்லத்தில் நேரில் சமுகமளித்தல் வேண்டும். தவறும் பட்சத்தில் சான்றிதழ் இரத்தாகலாம்.'

"இரத்தானால் என்ன நடக்கும் அங்கிள்?" என்றாள் ப்ரீத்தி.

"ஒண்டும் நடக்காது. ஆனால் உப்பிடி எழுதினால் ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

ப்ரீத்தி சிரித்துவிட்டாள். அதை ஆங்கிலத்தில் தட்டி, எங்கள் பன்னிரண்டு பேரின் சான்றிதழ்ப் பெட்டிக்குள்ளும் போட்டுவைத்தாள். கண்டுபிடித்தால் அவள் வேலை அப்போதே போகும்.

பத்தாம் வாரம் பரீட்சை. பன்னிரண்டு பேரும் விசேட சித்தி. மூர்த்தி அண்ணை நூற்றுக்கு நூறு. ஒரு கேள்வியின் ஆங்கிலத்தில் இருந்த பிழையைத் திருத்தியும் கொடுத்தார். சான்றிதழ்கள் பறந்தன. அடுத்த ஞாயிறு ரோவிலில் எங்கள் பன்னிரண்டு வீடுகளின் வாசலிலும் கார் நின்றது.

பிள்ளைகள் அப்படி ஓடி வருவார்கள் என்று நாங்களே நினைக்கவில்லை. 'ஒருக்கால் வந்திட்டுப் போ தம்பி' என்று தாய் பத்து வருடம் கேட்டது போகாத இடத்துக்கு, கோப்பு இலக்கம் போட்ட ஒரு மின்னஞ்சல் ஒரே நாளில் போய்விட்டது. சிறிதரன் மதியம் வந்து, இரஞ்சிதத்தின் ஆட்டிறைச்சிக் கறியைச் சாப்பிட்டு, செற்றியில் சாய்ந்து, தன் வேலையைப் பற்றி, முதுகு நோவைப் பற்றி, மகளின் பல்லுக்கம்பியைக் கழட்டப்போவதைப் பற்றி எல்லாம் கதைத்துவிட்டு, மூன்று மணித்தியாலம் கழித்துப் போனான். "ஒரு மணித்தியாலம் கூடுதலா இருந்திட்டன் அம்மா, பிரச்சினை ஒண்டும் வராதுதானே?" என்று வாசலில் நின்று கேட்டான். இரஞ்சிதம் யோசிப்பது போல் பாவனை பண்ணி, "வராது எண்டு நினைக்கிறன்," என்றாளாம்.

அப்படியே விட்டிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் மேலாளர் அந்தக் குறிப்பை வாசித்துவிட்டார்.

ப்ரீத்தி பயந்துபோய்த்தான் அவர் அறைக்குள் போனாள். வெளியே வரும்போது அவளுக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. குடும்பத்தவரின் வாராந்த வருகை என்பது இதுவரை எந்தச் சபையும் அளக்காத ஒன்று. அளக்காத ஒன்று அகப்படுவது சபைகளுக்கு அரிது. உடனே ஒரு செயலி தயாரானது. வருகை தரும் பிள்ளைகள் அதில் பதியவேண்டும். வந்த நேரம், இடம், கால் மணிக்கு ஒருமுறை ஒரு படம், என்ன செய்தார்கள் என்பதற்கு ஓர் இலக்கம். உரையாடல் பதினொன்று. உணவு பன்னிரண்டு. பழைய நினைவுகள் பதினேழு. 'மௌனம், நட்புடன்' பத்தொன்பது.

அடுத்த ஞாயிறு சிறிதரன் வந்தான். செற்றியில் இருந்தான். குனிந்தான்.

"பல்லுக்கம்பி கழட்டியாச்சோ தம்பி?"

"ம்."

"எப்ப?"

"அம்மா, ஒரு நிமிசம். உரையாடல் எண்டு போடுறன், எடுக்குதில்லை. முதல் பகுதியை நிரப்பினால்தான் அடுத்தது திறக்கும்."

இரஞ்சிதம் கோப்பையில் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் அதைப் படம் பிடித்தான். தேநீர் ஆறியது. இரண்டு மணித்தியாலம் ஆனதும் செயலி 'நன்றி' என்றது. அவனும் நன்றி சொல்லிவிட்டுப் போனான். அடுத்தடுத்த கிழமையும் அப்படியே. பன்னிரண்டு வீடுகளிலும் அப்படியே. சபையின் வரைபடத்தில் எங்கள் ரோவில் அடர்ந்த பச்சையாகத் தெரிகிறது என்று ப்ரீத்தி பெருமையோடு காட்டினாள். குடும்ப நெருக்கத்தில் தென்கிழக்கு மெல்பேர்னிலேயே நாங்கள்தான் முதலிடம்.

பிறகு சபைக்கு இன்னொன்று தோன்றியது. வருகை தந்தவர் சொல்வதை மட்டும் நம்பலாமா? ஆகவே இரண்டு மணித்தியாலம் முடிந்ததும் மூத்தவரின் போனுக்கு நாற்பது கேள்விகள் வரும். அரை மணித்தியாலத்துக்குள் பதில் சொல்லவேண்டும். இடையில் நிறுத்தினால் முதலில் இருந்து தொடங்கவேண்டும். இந்த நடைமுறை அந்த வாரத்தில் இருந்தே தொடங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இரஞ்சிதத்தின் வீட்டில் இருந்தேன். என் மகள் என் வீட்டுக்கு வந்து என்னோடு இரண்டு மணித்தியாலத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்; அவள் கவனிக்கவில்லை. நான்கு வீதி நடந்து இரஞ்சிதத்திடம் வந்தேன். அங்கே சிறிதரன் செற்றியில் குனிந்திருந்தான்.

ஆனால் அன்று அவனிடம் ஏதோ ஒரு மாற்றம். அடிக்கடி தாயை நிமிர்ந்து பார்த்தான். இரண்டு மணித்தியாலம் முடிந்து செயலி நன்றி சொன்னதும் அவன் எழும்பவில்லை. போனைச் செற்றியில் வைத்தான்.

"அம்மா," என்றான். "உங்களோடை ஒரு விசயம் கதைக்கவேணும்."

இரஞ்சிதம் அப்போது தன் போனைக் கையில் எடுத்துவிட்டாள். நாற்பது கேள்விகள் வந்திருந்தன. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கதிரை நுனியில் இருந்தாள். தபால் கந்தோரில் தந்தி வந்தால் எப்படி இருந்திருப்பாளோ அப்படி.

"கொஞ்சம் பொறு தம்பி. நேரம் ஓடுது."

"முக்கியமான விசயம் அம்மா."

"இதுவும் உன்ரை விசயம்தான். பதினாறாவது கேள்வி. கதையாதை, குழம்பிடும்."

சிறிதரன் பொறுத்தான். குசினி வாசலில் என் பக்கத்தில் வந்து நின்றான். என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தான். பிறகு, அவளுக்கு இதுதான் கேட்கும் என்று நினைத்திருக்கவேண்டும், தன் போனை எடுத்து அவளுக்கு ஒரு செய்தி எழுதினான். பக்கத்தில் நின்றதால் எனக்கு அது தெரிந்தது.

'அம்மா நாங்கள் உங்கடை வீட்டுக்குப் பக்கத்திலை வீடு பாக்கிறம். செப்டெம்பரிலை வந்திடுவம்.'

அனுப்பினான். ஐந்தடி தூரத்தில் இரஞ்சிதத்தின் போன் டிங் என்றது. கேள்வி முப்பத்தொன்றை மறைத்துக்கொண்டு செய்தி திரையின் மேலே வந்து நின்றது. "சீ, உது வேறை," என்று அதை விரலால் ஒதுக்கித் தள்ளினாள். கேள்வி மறுபடி தெரிந்தது. வாய்விட்டு வாசித்தாள்.

"வருகை தந்தவர் உங்களுடன் மனம்விட்டுக் கதைக்க முயன்றாரா?"

மகனை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்காமல், 'இல்லை' என்று அழுத்தினாள்.

நான் அவளுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து என் சட்டைப்பையில் டிங் என்றது. என் மகள் இரண்டு மணித்தியாலத்தையும் ஒரு குறையும் இல்லாமல் முடித்துவிட்டுப் போயிருக்கிறாள். நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் தேடி எடுத்து, முதலாவது கேள்வியைத் திறந்தேன்.

'இன்றைய வருகை உங்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சி தந்தது?'

'மிகவும்' என்று அழுத்தினேன்.